அம்மா சொன்னதும் நான் சொன்னதும்

இங்கிலாந்திலிருந்து திரும்பி வந்த பிறகு, எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் யார் என்ன கேட்டாலும் அம்மா ஒரே பதிலைத்தான் சொன்னாள்.

"ஆடு நெறைய இருந்துச்சு."

அதற்கு மேல் ஒரு சொல் வராது. கேட்டவர்கள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். மகன் வீட்டில் இருபத்தாறு நாள் இருந்துவிட்டு வந்ததில் கிழவிக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று பின்னால் பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. நடந்ததைச் சொல்வதைவிட அந்தப் பேச்சு எனக்கு வசதியாக இருந்தது.

எங்கள் தோட்டம் ஹல்துமுல்லைக்குக் கீழே, கொழும்பு வீதியிலிருந்து இறங்கிப்போகும் சரிவில் இருக்கிறது. செத்துப்போகும்வரை அப்பா கவ்வாத்து வெட்டினார். முற்றிப்போன தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்குக் கத்தியால் நறுக்கிவிடுகிற வேலை அது. ஒரு வீச்சில் கிளை சுத்தமாக அறுபட வேண்டும், பிளந்தால் செடி செத்துவிடும். அப்பா வெட்டிய மலையில் செத்த செடியே கிடையாது என்று சொல்வார்கள். அம்மா கொழுந்து பறித்தாள். பதின்மூன்று வயதில் கூடையைத் தலையில் மாட்டியவள் ஐம்பத்தைந்தில்தான் கழற்றினாள். ஒற்றை அறையும் முன்னால் ஒரு ஒடுங்கிய தாழ்வாரமுமாக, லயத்து வரிசையில் ஏழாவது காம்பராவில் அண்ணனும் நானும் பிறந்தோம். எங்களுக்குப் பின் ஒரு தங்கை பிறந்தாள்.

அண்ணன் பண்டாரவளையில் படித்தான். நல்ல இங்கிலீஷ் பேசினான். மலையில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலை கிடைத்தது. தொண்ணூறுகளின் நடுவில் அங்கே சுற்றுலா வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைக் கொழும்பில் வைத்துப் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். எங்களுக்குக் கடிதம் வந்தபோது அவன் விமானமேறி இரண்டு வாரம் ஆகியிருந்தது. அவளை ஏன் ஒரு தடவைகூட வீட்டுக்குக் கூட்டிவரவில்லை என்று அம்மா கேட்டபோது, போர் நடக்கிற நாட்டில் அவளை அங்கே இங்கே கொண்டுபோக முடியாது என்று எழுதினான். எங்கள் மலையில் அப்போது போர் என்று சொல்ல ஒன்றுமில்லை. பண்டாரவளையிலும் பதுளையிலும் பஸ்ஸை நிறுத்தி அடையாள அட்டை பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

போர்நிறுத்தம் வந்தது. அண்ணனுக்குப் பெண் குழந்தையும் பிறந்தது. பிள்ளையின் முதல் பிறந்தநாளுக்குப் பாட்டி வந்தே ஆகவேண்டும் என்று அண்ணி பிடிவாதமாக நின்றாள். அம்மாவைத் தனியாக அனுப்ப முடியாது. அதனால் தோட்டப் பாடசாலையில் இங்கிலீஷ் படிப்பிக்கிற நானும் கூடப்போவதென்று முடிவானது.

புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்பு, பண்டாரவளையில் ஒரு கொமியூனிகேஷன் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று தொலைபேசியில் அண்ணனோடு பேசினேன். அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"தங்கச்சி, ஒன்னு சொல்லணும். அம்மாவுக்குத் தெரிய வேணாம்" என்றான். "நம்ம குடும்பத்தைப் பத்தி இங்க நான் கொஞ்சம் வேற மாதிரி சொல்லி வச்சிருக்கேன்."

வேறு மாதிரி என்றால் என்ன என்று கேட்டேன். சொன்னான். அப்பா அந்தத் தோட்டத்துக்குச் சொந்தக்காரர். எழுபதுகளில் அரசாங்கம் தோட்டங்களை எடுத்தபோது எங்களுடையதும் போய்விட்டது. அந்த ஏக்கத்திலேயே அப்பா செத்துப்போனார். நாங்கள் வாழ்ந்து கெட்ட குடும்பம். முதலில் அண்ணியிடம் விளையாட்டாகச் சொன்னதாம். அவள் பெற்றோரிடம் சொல்ல, பிறகு ஊருக்கே தெரிந்துவிட்டது. இப்போது மாற்ற முடியாது.

நான் சரி என்றேன்.

அந்த இடத்தில் மறுத்திருக்கலாம். ஆனால் எனக்கு இங்கிலாந்தைப் பார்க்க ஆசை. பதினான்கு வருடமாக வேலியோரச் செடிகள், கல்வீடு, பால்காரன், ஆட்டுக்குட்டி என்று நான் கண்ணால் காணாத ஒரு நாட்டுப்புறத்தைக் கரும்பலகையில் எழுதிப் பிள்ளைகளைச் சொல்லவைத்திருக்கிறேன். அதைப் பார்க்க எனக்குக் கிடைத்த ஒரே வழி இதுதான். அண்ணன் மேல் எனக்கிருக்கும் கோபத்தைப் பற்றி எழுதும்போதெல்லாம் இதையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கிறது.

விமான நிலையத்திலிருந்து காரில் இரண்டரை மணி நேரம். கிராமம் என்றால் ஒரு தெருதான். இரண்டு பக்கமும் தேன் நிறக் கல்லில் கட்டிய வீடுகள். ஒரு தேவாலயம், ஒரு மதுக்கடை, தபால் கந்தோரும் பலசரக்கும் சேர்ந்த ஒரு கடை. ஒரு நாளைக்கு இரண்டு பஸ் வரும். நாங்கள் இருந்தவரை அதில் யாரும் ஏறி நான் பார்க்கவில்லை. தெரு முடிந்ததும் வயல்கள், ஆடு மேயும் புல்வெளிகள். சுற்றிலும் அவர்கள் மலை என்று சொன்னது எங்கள் ஊரில் ஒரு மேடு. அறுவடை முடிந்து வைக்கோலை உருளை உருளையாகச் சுற்றிப் போட்டிருந்தார்கள். அம்மா முதல் நாள் காலையில் ஜன்னலருகே நின்று வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்னிடம், இவ்வளவு காடு துப்புரவாக இருக்கிறதே, வேலை செய்கிற ஆள் ஒருத்தரையும் காணோமே, அவர்களை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்டாள். எல்லாம் மெஷின் என்றேன். அவள் நம்பவில்லை. லயம் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் எங்கேயோ இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அண்ணன் வீட்டுக் கூடத்தில் கணப்படுப்புக்கு மேலே பெரிய சட்டம் போட்ட ஒரு படம். எங்கள் தோட்டத்துத் துரை பங்களா. சிவப்புக் கூரை, புல்தரை, இரண்டு சைப்ரஸ் மரம். பார்த்தவுடன் எனக்கு விளங்கிவிட்டது. அம்மாவுக்கு விளங்கவில்லை.

"இது பங்களாவாச்சே. இதை எதுக்கு இங்க மாட்டிருக்கான்?"

ஊர் ஞாபகத்துக்கு என்றேன். அம்மா அந்தப் பங்களாவின் குசினிப் படிவரைக்கும்தான் ஒரே ஒரு தடவை போயிருக்கிறாள், வேலைக்காரி ஒருத்திக்குச் சேதி சொல்ல. ஊர் ஞாபகத்துக்கு வேறு படமே கிடைக்கவில்லையா என்று முணுமுணுத்துவிட்டு விட்டுவிட்டாள்.

இரண்டாம் நாள் அண்ணன் அம்மாவுக்குச் சப்பாத்தும் கையுறையும் வாங்கி வந்தான். செப்டெம்பர் மாதம், இதமான வெயில். எங்கள் ஊரின் மார்கழிக் குளிரில் விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வெறுங்காலோடு நின்றவளுக்குக் கையுறை எதற்கு? குளிருக்கு என்றான். அவன் எதை மூடப் பார்க்கிறான் என்று எனக்குத் தெரியும். நாற்பது வருடக் கொழுந்துக் கறை அம்மாவின் விரல் நுனிகளில் கறுப்புக் கோடுகளாக ஏறியிருந்தது. எந்தச் சவர்க்காரத்துக்கும் அது போகாது. அம்மா, மகன் ஆசையாக வாங்கித் தந்தது என்று மாட்டிக்கொண்டாள்.

அண்ணி நல்லவள். தினமும் பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்து எங்களையும் நடக்கக் கூட்டிப்போவாள். வயல்களுக்கு ஊடாக ஒற்றையடிப் பாதைகள் போகும். வேலி குறுக்கிட்டால் ஏறி இறங்க மரப்படி வைத்திருக்கிறார்கள். நிலம் இன்னொருவருடையது, ஆனால் அந்தப் பாதையில் யாரும் நடக்கலாம், சொந்தக்காரர் தடுக்க முடியாது என்று அண்ணி விளக்கினாள். நான் அதைத் தமிழில் சொன்னபோது அம்மா படியில் கால் வைக்காமல் நின்றாள்.

"யாரும் ஏசமாட்டாங்களா?"

ஏசமாட்டார்கள் என்று சொல்லியும் ஒவ்வொரு படியிலும் அம்மா திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினாள். எங்கள் தோட்டத்தில் காய்ந்த சுள்ளி பொறுக்கினதற்கு வாச்சர் அவள் விறகுக் கட்டை உதைத்து ஆற்றில் தள்ளியிருக்கிறான். எனக்கு அந்த நாட்டுப்புறம் அழகாகத்தான் தெரிந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த அழகு தொண்டையில் இறங்க மறுத்தது. இவர்கள் இங்கே அடுத்தவன் நிலத்தில் நடக்க உரிமை எழுதி வைத்துக்கொண்டு, அங்கே எங்களுக்கு நடக்கப் பாதைகூட எழுதித் தராமல் விட்டார்களே என்று மனதில் ஓடிக்கொண்டே இருந்தது.

ஒருநாள் வேலியோரம் ப்ளாக்பெரி பறிக்கப் போனோம். முள்ளுக்கொடியில் கறுப்பாகக் கொத்துக்கொத்தாகக் காய்த்துக் கிடக்கிற பழம். ஊர்ப் பெண்கள் நாலைந்து பேர், ஒவ்வொரு பழமாகப் பார்த்துப் பார்த்துப் பறித்தார்கள். அம்மா சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கையுறைகளைக் கழற்றி இடுப்பில் செருகினாள். இரண்டு கையும் ஒன்றாக இறங்கின. கண் ஒரு பக்கம், விரல் ஒரு பக்கம். முள் அவளைத் தொட்டதாகவே தெரியவில்லை. கை நிறைந்ததும் அவள் தோளுக்குப் பின்னால் வீசப்போனாள். அங்கே கூடை இல்லையென்பது ஞாபகம் வந்து கையை இறக்கி வாளியில் போட்டாள். அவர்கள் ஒரு கிண்ணம் நிரப்புவதற்குள் வாளி நிறைந்துவிட்டது. பெண்கள் கைதட்டினார்கள். எங்கே கற்றுக்கொண்டார் என்று ஒருத்தி கேட்டாள். அன்று கூட வந்திருந்த அண்ணன் நான் வாய் திறக்குமுன் சொன்னான், அம்மாவுக்குத் தோட்டக்கலையில் எப்போதுமே ஈடுபாடு என்று.

அம்மா அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தாள். அவ்வளவு தூரம் வந்து அவளுக்குத் தெரிந்த ஒரு வேலையைச் செய்திருக்கிறாள்.

அதற்கு அடுத்த நாளோ என்னவோ, நானும் அவளும் மட்டும் தேவாலய வளவுக்குள் போனோம். புல்லுக்குள் பாசி பிடித்த கல்லறைகள். அம்மா ஒரு சின்னக் கல்லின் முன் நின்று இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். பெண் குழந்தை, வயது பதினொரு மாதம். நூற்றிருபது வருடத்துக்கு முந்தியது. தாய் தகப்பன் பெயரும் இருந்தது.

"புள்ளயோட பேரு இருக்கா?"

"இருக்கும்மா."

"இன்னமும் வாசிக்க முடியுதா?"

முடிகிறது என்றேன். அவள் குனிந்து கல்லின் மேல் கையுறைக் கையை வைத்தாள். பிறகு போவோம் என்றாள்.

எங்கள் தங்கை செத்தபோது எனக்கு ஏழு வயது, அண்ணனுக்குப் பத்து. தோட்டங்கள் கைமாறிக்கொண்டிருந்த பஞ்ச காலம். அவளை எட்டாம் நம்பர் மலையின் அடியில் புதைத்தார்கள். நாலைந்து வருடத்தில் அந்த இடத்தைத் துப்புரவாக்கிப் புதுத்தேயிலை நட்டுவிட்டார்கள். அந்தச் செடிகளில் அம்மா இருபது வருடம் கொழுந்து பறித்தாள். எங்கே புதைத்தது என்று அவளுக்கே அடையாளம் தெரியாது.

பிறந்தநாள் விழாவை ஊர் மண்டபத்தில் வைத்தார்கள். முப்பது பேர் இருக்கும். காகிதத் தொப்பி, சாண்ட்விச், கேக், பெரிய பாத்திரத்தில் தேநீர். எல்லோரும் அன்பாக இருந்தார்கள். கெட்டவர்களாக இருந்திருந்தால் எனக்கு இதைச் சொல்வது சுலபமாக இருந்திருக்கும். கோப்பையைப் பிடிக்க வழுக்குகிறதென்று அம்மா கையுறைகளைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். தேவாலயத்துக்குப் பூ அலங்காரம் செய்கிற வெள்ளைத்தலைப் பெண்மணி ஒருவர் வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். தோட்டத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்ட அந்த நாட்களை எப்படித் தாங்கினீர்கள் என்று கேட்கச் சொன்னார். அண்ணன் இரண்டு எட்டு தள்ளிக் கேக் வெட்டிக்கொண்டிருந்தான். கத்தி நின்றது.

நான் அம்மாவிடம் கேட்டேன். "தோட்டத்த கவர்மெண்டு எடுத்தாங்கல்ல, அந்த நேரம் எப்படி இருந்துச்சுன்னு கேக்குறாங்க."

அம்மா கோப்பையைக் கீழே வைத்தாள். இங்கிலாந்து வந்து பத்து நாளில் அவளை யாரும் கேட்ட முதல் உருப்படியான கேள்வி அதுதான்.

"அது பஞ்சம். வேல இல்ல. வாரத்துக்கு ரெண்டு நாள் பேர் போட்டாலே பெருசு. ரொட்டிக்கு மா கெடையாது. மரவள்ளி எலைய அவிச்சுக் குடுத்தேன். எனக்குப் பால் வத்திப்போச்சு. சின்னவ அழுதுகிட்டே இருந்தா. பெறகு அழுறதையும் விட்டுட்டா. என் மடியிலயே போயிருச்சு. இவங்ககிட்ட சொல்லு."

எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணனும் பார்த்தான்.

அது கஷ்டமான காலம், நிறைய மாறிவிட்டது, இப்போதும் அந்தப் பூந்தோட்டம் ஞாபகம் வருகிறது என்று அம்மா சொல்வதாக இங்கிலீஷில் சொன்னேன்.

அந்தப் பெண்மணியின் கண் கலங்கியது. அம்மாவின் கையை இரண்டு கையாலும் அழுத்தினார். அம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். தன் பிள்ளைக்காகத்தான் அந்த அம்மாள் கண் கலங்குகிறார் என்று நினைத்தாள். நன்றியோடு தலையை ஆட்டினாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் பின்னால் கோப்பையோடு நின்றுகொண்டிருந்த ஒரு கிழவர் முன்னால் வந்தார். நெட்டையான மனிதர், எழுபது வயது இருக்கும். அன்றுதான் முதல் தடவை பார்க்கிறேன். அம்மாவின் விரல்களைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தை.

"நீ எந்தத் தோட்டம்?" என்றார். தமிழில்.

அம்மா எழுந்து நின்றாள். யாரும் சொல்லவில்லை. உடம்பு தானாக எழுந்தது. முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, கைகளைக் கட்டிக்கொண்டு, தோட்டத்தின் பெயரைச் சொன்னாள். "ஹல்துமுல்லைக்குக் கீழங்க தொரை."

"கொழுந்து எடுத்ததா?"

"ஆமாங்க தொரை."

"நான் பசறை. சின்னத்துரை. ரொம்ப நாள் முன்னாடி." அங்கே ஒரு தோட்டத்தில் உதவி மேனேஜராக இருந்திருக்கிறார். முப்பது வருடமாகப் பேசாத தமிழை அவர் ஒவ்வொரு சொல்லாகத் தோண்டி எடுத்தார். பிறகு, "புள்ள செத்துப் போச்சா?" என்றார்.

"செத்துப் போச்சுங்க தொரை."

அவர் தலையை அசைத்தார். சுற்றி நின்றவர்கள் ரசித்துச் சிரித்தார்கள். இத்தனை வருடத்துக்குப் பிறகு அவருக்குத் தமிழ் பேச ஆள் கிடைத்திருக்கிறதென்று யாரோ சொன்னார்கள். அண்ணனும் சிரித்தான், அவன் நெற்றியெல்லாம் வியர்வை. கிழவர் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. கோப்பையை வைக்கப் போகும் சாக்கில் என் பக்கமாக வந்து, இங்கிலீஷில், மற்றவர்களுக்குக் கேட்காமல், நீ கொஞ்சம் விட்டுவிட்டாய் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பிள்ளைகளின் கட்டுரையில் நான் குறிப்பு எழுதுகிற மாதிரிச் சொன்னார்.

வீட்டுக்குத் திரும்பும்போது அம்மா அவரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். இந்த ஊரில் தன்னிடம் தமிழில் பேசிய ஒரே வெள்ளைக்காரர் என்றாள். அவர் நீ என்று கூப்பிட்டது எனக்குத்தான் முள்ளாகக் குத்தியது, அவளுக்கில்லை.

இரண்டு நாள் கழித்து, பஸ் தரிப்பிடத்தருகே அந்த வெள்ளைத்தலைப் பெண்மணி எங்களைக் கண்டு நிறுத்தினார். கையில் ஒரு சின்னத் தொட்டி, ஊதாப் பூச்செடி. பூந்தோட்டத்தை இழந்து தவிக்கிற உங்கள் அம்மாவுக்கு என்று கொடுத்துவிட்டு, அம்மாவின் கன்னத்தில் முத்தமிட்டுப் போனார்.

அம்மா தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு தரிப்பிடத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"புள்ள செத்ததுக்கு எதுக்கு பூச்செடி குடுக்குறாங்க?" என்று கேட்டாள். "இங்க அப்படி வழக்கமா?"

வழக்கம்தான் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்தபோது முடியவில்லை. தொலைபேசியில் அண்ணன் சொன்னதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். படத்தை ஏன் மாட்டியிருக்கிறான் என்பதையும் சொன்னேன். கையுறையையும் சொன்னேன். முடிந்த பிறகு அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்ப சின்னவள பத்தி நீ அந்தம்மாகிட்ட சொல்லவே இல்லியா?"

"இல்லம்மா."

அவள் என்னை அடித்திருக்கலாம். தோட்டத்தில் சின்ன வயதில் அடித்திருக்கிறாள். அடிக்கவில்லை. தொட்டியைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.

அண்ணி பிள்ளையோடு மேல்மாடியில் இருந்தாள். அண்ணன் குசினியில் நின்றான். அம்மா சத்தம் போடவில்லை.

"உங்கப்பன் கவ்வாத்துக்காரன்" என்றாள். "நல்ல கவ்வாத்துக்காரன். அதைச் சொல்ல வெக்கமா இருந்தா ஒன்னும் சொல்லாம இருந்திருக்கலாம்."

அண்ணன் தடுமாறினான். இங்கே யாருக்கும் லயம் என்றால் என்னவென்று தெரியாது, சொன்னாலும் விளங்காது, விளங்கினால் பரிதாபப்படுவார்கள், அந்தப் பரிதாபத்தைத் தாங்கிக்கொண்டு இந்த ஊரில் வாழ முடியாது என்றான். வாழுகிறவன் நான் என்றான். அதில் கொஞ்சம் நியாயம் இருந்ததை நான் மறுக்கமாட்டேன்.

அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள். "தங்கச்சிய துணியில சுத்தி எட்டாம் நம்பருக்குத் தூக்கிக்கிட்டுப் போனது நீதானே. அப்பாவுக்கு கை நடுங்குச்சுன்னு நீதானே வாங்கிக்கிட்ட. அதையுமா மறந்துட்ட?"

அண்ணன் அழுதான். அம்மா அவன் பக்கத்தில் போகவில்லை.

அதற்குப் பிறகு இருந்த நாட்களில் அம்மா என்னை மொழிபெயர்க்க விடவில்லை. அண்ணியோடு தமிழிலேயே பேசினாள், கை காட்டிப் பேசினாள். விளங்கினது விளங்கட்டும் என்ற மாதிரி. நான் இடையில் புகுந்தால் பேச்சை நிறுத்திவிடுவாள். கையுறைகளை அண்ணனின் மேசைமேல் மடித்து வைத்துவிட்டாள். ஒரு மாலை அந்தக் கிழவர் தன் தோட்டத்துப் ப்ளம்ஸ் பழங்களைப் பையில் கொண்டுவந்தார். அண்ணன் வாசலிலேயே வாங்கிக்கொண்டு அனுப்பப் பார்த்தான். அம்மா வெளியே போய் கேற்றருகே நின்றாள். அவரும் அவளும் அரைமணி நேரம் பேசினார்கள், மழையைப் பற்றி, எப்போதோ செத்துப்போன கங்காணிகளைப் பற்றி, மலைக்கு வந்த தேயிலை நோயைப் பற்றி. அவர் நீ என்றார், அவள் தொரை என்றாள். அவரை உள்ளே கூப்பிட யாருமில்லை.

நான் பிறகு அம்மாவிடம், அவர் உன்னை வேலைக்காரி மாதிரித்தானே நடத்துகிறார், அதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"நான் யாருன்னு அவருக்குத் தெரியும்" என்றாள். "ஒளிக்க ஒன்னுமில்ல."

விமான நிலையத்தில் அண்ணன் காலில் விழுந்தான். அம்மா ஆசீர்வாதம் செய்தாள், பேத்தியை முத்தமிட்டாள். அவனுக்கு வேறு ஒன்றும் சொல்லவில்லை.

ஊருக்கு வந்த பிறகு அம்மா என்னோடு சாதாரணமாகத்தான் இருந்தாள். சமைத்தாள், காய்ச்சலென்றால் கஷாயம் வைத்தாள், பாடசாலையில் என்ன நடந்ததென்று விசாரித்தாள். ஆனால் சின்னவளைப் பற்றி என் முன்னால் மறுபடி வாய் திறக்கவில்லை. அதற்கு முன்பு வருடத்துக்கு ஒரு தடவையாவது, மழைக்காலத்தில், எதையாவது சொல்லுவாள். ஒருமுறை நானாகப் பேச்சை எடுத்தேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். ஐந்து வருடம் அப்படியே போய், ஒரு ஐப்பசி மாதத்தில் அம்மா செத்துப்போனாள். அண்ணன் வரவில்லை. விசா, வேலை, பிள்ளையின் பாடசாலை என்று காரணங்கள் சொன்னான். நானும் கேட்டுக்கொண்டேன்.

முப்பதாம் நாள் காரியம் முடிந்து சில நாள் கழித்து அண்ணி தொலைபேசியில் பேசினாள். அப்போது எனக்குக் கைத்தொலைபேசி வந்திருந்தது. பாடசாலை இடைவேளையில், தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் நின்று பேசினேன். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு, அன்றைக்கு மண்டபத்தில் உங்கள் அம்மா பேசியது நீ சொன்னதைவிட நீளமாக இருந்தது, அதை எப்போதும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன், அவர் என்னதான் சொன்னார் என்று கேட்டாள்.

அதைச் சொல்வதானால் தோட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும் என்று நான் தயங்கினேன். அவளுக்கு என் தயக்கம் விளங்கிவிட்டது. தோட்டம் உங்களுடையதில்லை என்று எனக்குத் தெரியும் என்றாள். கல்யாணமாகி நாலாம் வருடம், அண்ணனின் குடியுரிமைக்கு விண்ணப்பம் நிரப்பும்போது அவனுடைய பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பைப் பார்த்திருக்கிறாள். தகப்பனின் தொழில் என்ற இடத்தில் கூலி என்று இருந்திருக்கிறது. அவனாகச் சொல்வான் என்று காத்திருந்தாளாம். இன்னும் காத்திருக்கிறாளாம்.

அப்படியானால் நாங்கள் வந்திருந்தபோது ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்கள் எல்லோருமே அதை அப்படித்தான் வைத்துக்கொள்ள விரும்புகிறீர்கள் என்று நினைத்தேன், விருந்தாளிகளின் மனதைச் சங்கடப்படுத்துவது சரியில்லை என்று பட்டது என்றாள்.

ஆக, அந்த மண்டபத்தில் அண்ணனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அண்ணிக்குத் தெரியும், கிழவருக்கும் கடைசியில் தெரிந்துவிட்டது. நான்கு பேரும் ஒருவர் மனதை ஒருவர் நோகடிக்காமல் மரியாதையாக இருந்திருக்கிறோம். எங்கள் குடும்பத்தில் என்ன நடக்கிறதென்று தெரியாமல் இருந்தவள் அம்மா மட்டும்தான். எங்கள் நான்கு பேரின் மரியாதைக்கும் அவள் பிள்ளையைத்தான் விலையாகக் கொடுத்திருக்கிறோம்.

அண்ணியிடம் அம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். வேலை இல்லை. மா இல்லை. மரவள்ளி இலை. பால் வற்றியது. அழுவதையும் விட்டுவிட்டது. மடியிலேயே போனது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எல்லாம் சின்னச் சின்ன வாக்கியங்கள். என்னுடைய ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டால் அவர்களே பிழையில்லாமல் இங்கிலீஷில் சொல்லிவிடுவார்கள்.